அவள் கணக்கிலிருந்து

பல் துலக்கி, காபி போட்டுக்கொண்டு வந்து அவன் லேப்டாப்பைத் திறப்பான். பைத்தான் மொழியில் அவன் எழுதிவைத்த சில வரி நிரல், கிளவுடில் இருக்கும் மனைவியின் ஃபோல்டரைத் திறந்து காட்டும். அவள் இறந்த வாரமே அதைக் காலி செய்து, அவள் கணக்கையும் முடக்கிவிட்டான். ஆனாலும் தினமும் காலையில் அதில் புதிதாக ஓர் ஒலிக்கோப்பு இருந்தது. ஏற்றியது அவள் கணக்கு.

இன்று தங்கை பக்கத்தில் இருந்தாள். கோப்பை ஓடவிட்டான்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்லடா. வேளாவேளைக்குச் சாப்பிடு."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி குரலேதான்! இதையா அண்ணா தினம் அழிக்கிறே? உனக்கென்ன கல்மனசா?"

"குரல் அவளோடது. பேச்சு அவளோடது இல்ல."

அழிக்கும் கட்டளையைத் தட்டினான். ஃபோல்டர் காலியானது. நாளைக்கு வேறொன்று வரும், இன்னும் கனிவாக.

மனைவி இறந்த அன்று, நெஞ்சு வலிக்கிறது என்று அவள் வந்து நின்றபோது, இதே மேசையில் அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இதுதான்:

"நீ அதையே கட்டிக்கிட்டு அழு. நான் தனியாவே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்."