வாசல் வரைக்கும்

அப்பாவைக் காணவில்லை.

சந்தையில் கோழிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் நொயெமியா அதைக் கவனிக்கவே இல்லை. போர்ச்சுகலில், கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழி விற்பது எந்தப் பிரிவின்படி குற்றம் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கோழிக்கு வக்கீல் வந்தாச்சுப்பா," என்று அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோபமாகத் திரும்பினால், அப்பா இல்லை.

அப்பா அர்மிந்துவுக்குச் சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர். சந்தைக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம் என்று சொன்னது அவள்தான். இன்னும் சாப்பிடவில்லை.

முட்டைக்கோஸ் நாற்றுக் கட்டுகளையும் செருப்புக் குவியல்களையும் தாண்டி ஓடினாள். போன் அடித்தாள், எடுக்கவில்லை. பாலாடைக்கட்டி விற்கும் அம்மாளிடம் கேட்டாள். தள்ளாடிக்கொண்டு வந்த ஒருவரைத் துணிக்கடை ஜிப்சி ஒருத்தன் தூக்கிக்கொண்டு மாதா கோயில் பக்கம் ஓடினான் என்றாள் அந்த அம்மாள்.

"எதுக்கும் பர்ஸ் இருக்கான்னு பாத்துக்க, மகளே."

கோயில் சந்தில் ஒரு காப்பிக் கடை. வாசலுக்கு வெளியே, வெயிலில், வெறும் கல்லில் அப்பா கிடந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கறுப்புத் தொப்பி போட்ட ஒருவன் அவர் தலையை மடியில் வைத்திருந்தான்.

நொயெமியாவின் கை முதலில் அப்பாவின் கோட்டுப் பையைத்தான் தொட்டது. பர்ஸ் இருந்தது.

"ரெண்டடி வெச்சா கடை. உள்ள நாற்காலி இருக்கு, தண்ணி இருக்கு. இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்து தெருவுல போட்டிருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?"

அவன் கடை வாசலைப் பார்த்தான்.

"நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன், தாயி. நீ கூப்பிடு. வருவாங்க."

அவள் கூப்பிட்டதுதான் தாமதம், கடைக்காரர் ஓடி வந்தார். இருவருமாக அப்பாவை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். நாலு மடக்கு இறங்கியதும் அப்பா கண்ணைத் திறந்து, "கோழி வாங்கினியா?" என்றார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே எட்டிப் பார்த்தாள். தொப்பிக்காரன் போய்விட்டிருந்தான்.

கடைக்காரர் காசு வேண்டாம் என்றுவிட்டார். "அந்தக் கூட்டத்துக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதும்மா. உள்ள தூக்கிட்டு வந்தா கையா தேஞ்சு போயிரும்?"

அவளும் ஆமாம் என்றாள்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, வாசற்படியில் இருந்த பச்சைப் பீங்கான் தவளை காலில் இடறியது.

"பாத்தும்மா, உடைஞ்சிரப் போகுது," என்று கடைக்காரர் பதறினார். "தவளைன்னா அவங்களுக்கு ஆகாது. அதை அங்க வெச்ச பிறகு ஒரு ஜிப்சியும் இந்தப் படி ஏறினதில்ல."