கடைசி ஸ்டேஷனில் இறங்காதவள்

"கடைசி ஸ்டேஷன், எல்லாரும் இறங்கணும்னு மைக்ல கத்துறாங்களே, அந்தம்மா காதுல மட்டும் விழாதா?"

செக்யூரிட்டி அம்மாவிடம் சத்தம் போட்டேன். போடாமல் என்ன செய்வது? எஸ்கலேட்டர் ரிப்பேர். எண்பது படி ஏறி, மேல் பிளாட்பாரத்துக்கு வந்து, கால் மணி நேரமாக வரிசையில் நிற்கிறோம். இங்கே வந்து சேரும் மெட்ரோதான் திரும்பிப் போகும். கதவு திறந்தால், தினமும் மூலை சீட்டில் ஏற்கெனவே அந்தம்மா! முந்தின ஸ்டேஷனிலேயே ஏறி, இங்கே இறங்காமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

அதுகூடப் போகட்டும். திரும்பும்போது அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிப் போய்விடுகிறாள். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். ஏறின அதே ஸ்டேஷன்!

"எதுக்கு சார் அப்படி?" என்றார் பின்னால் நின்ற பேங்க்காரர்.

"அதான் தலையும் புரியல, வாலும் புரியல."

"ஓசியில ஏசி காத்து வாங்க வருதோ?"

"கொஞ்சம் மறை கழண்ட கேஸா இருக்குமோ?" என்றார் அவருக்கும் பின்னால் நின்ற டெய்லர்.

ஆளுக்கொன்று சொன்னோம். மண்டை குழம்பியதுதான் மிச்சம்.

செக்யூரிட்டி அம்மா உள்ளே போனார். "இறங்கிடுங்கம்மா. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இன்னிக்கு மட்டும் விட்டுடும்மா. ஒரு பொண்ணுக்காகத்தான்..."

"கதையெல்லாம் கீழ வந்து சொல்லுங்க!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அந்தம்மா இறங்கினாள். வரிசையின் கடைசிக்கு அவள் போய் நிற்பதற்குள் பெட்டி நிரம்பிக் கதவும் மூடிவிட்டது. மூலை சீட்டில் நான். அப்பாடா, முக்கால் மணி நேரம் நிற்க வேண்டாம்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். ஏழு மாசம் இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மூலை சீட்டுக்கு வந்தவள், என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

"சார், இங்க ஒரு அக்கா உட்கார்ந்திருப்பாங்களே, இன்னிக்கு வரலையா?"

"உங்க சொந்தமா?"

"இல்ல சார், பேர்கூடத் தெரியாது. தினமும் எனக்காக இடம் பிடிச்சுட்டு வருவாங்க. என்னை உட்கார வச்சுட்டு இறங்கிப் போயிடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து இடம் கொடுத்தேன்.

"யாருன்னே தெரியாத உனக்கு எதுக்கும்மா அவங்க இதைச் செய்யணும்?"

"போன மாசம் இதே பெட்டியில நின்னுக்கிட்டே வந்து மயங்கி விழுந்துட்டேன். அவங்கதான் ஓடி வந்து தண்ணி தெளிச்சாங்க. 'வேலையை விட்டுடாதே, பிரசவம் வரைக்கும் சீட்டுக்கு நான் பொறுப்பு'ன்னாங்க. பாவம், அன்னிக்கு உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் நல்ல தூக்கம் போல. உங்களை மாதிரி நல்லவர் ஒருத்தராவது முழிச்சிருந்தா நான் விழுந்திருக்கவே மாட்டேன் சார்."

அன்றைக்கு அவள் விழுந்த சத்தம் கேட்டதும், கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டவன் நான்.