பூனையின் எடை

எவ்வளவு தின்றாலும் மிளகு என்கிற அந்தப் பூனைக்கு விலாவெலும்பு துருத்திக்கொண்டே இருந்தது. "வயித்துல பூச்சிம்மா. எடை தெரிஞ்சாதான் எந்த மாத்திரைன்னு சொல்ல முடியும். அளவு கூடிப்போனா உசுருக்கே ஆபத்து" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வசுமதி வீட்டுக்கு வந்து பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். ஐம்பத்தாறு. கீழே விட்டுவிட்டுத் தனியாக ஏறினாள். கழித்தால் பூனையின் எடை தெரிந்துவிடும். முள் பூஜ்யத்திலேயே நின்றது. குதித்துப் பார்த்தாள். அசையவில்லை. மிளகு அவளையே பார்த்தபடி வாயை நக்கிக்கொண்டது. சட்டென்று அதை வாரி நெஞ்சோடு அணைத்தாள். முள் துள்ளி ஐம்பத்தாறுக்குப் போனது.

போனும் கையுமாக வந்த அவள் கணவன் தனபால், "கடைக்காரர் லைன்ல இருக்காரு. அதக் கீழ விட்டுட்டு ஏறிப் பாரு" என்றான்.

"மாட்டேன்" என்றாள் வசுமதி.

மிளகு இறங்கத் திமிறியது.