இடப்பக்கத்து வயலின்

"இன்னொரு பெட்டியா? உனக்குப் பைத்தியம் முத்திப்போச்சுடா!"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினான் நண்பன் லியூபென். கமெனின் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்று பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"கத்தாதே. கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற அழுக்கையெல்லாம் இது வடிகட்டிடும்," என்றான் கமென், ஹெட்போனைத் துணியால் அழுத்தித் துடைத்தபடி.

"அழுக்கா? அது என்ன சாக்கடையா? போறது ஒண்ணும் சைபரும்டா! அதுக்கு எதுக்கு வடிகட்டி?"

ப்ளோவ்திவ் நகரத்து அந்த வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கிற சண்டைதான். கமென் வாங்குவான், லியூபென் திட்டுவான். ஆனாலும் இந்த வருடம் ரொம்பத்தான் அநியாயம். குளிர்காலத்தில் வெள்ளி ஒயர், ஈஸ்டருக்கு கரண்ட்டைச் சுத்தம் பண்ணும் மெஷின், இப்போது இது.

"என்னை என்னடா பண்ணச் சொல்றே? குளிர்காலத்துலேர்ந்து இடப்பக்கம் சத்தம் மங்கிக்கிட்டே வருது. எதை மாத்தியும் சரியாகலை. இந்தப் பெட்டிதான் சரி பண்ணியிருக்கு."

"பனித்சா சூடா இருக்கு, வைக்கட்டுமா?" கமெனின் இடப்பக்கம் வந்து நின்று கேட்டாள் அவன் மனைவி ருமியானா. பதில் இல்லை. அவள் பலகாரத் தட்டோடு சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் மறுபடி கேட்டாள்.

"வை, வை."

பெண்டாட்டிக்குக்கூட பதில் சொல்ல நேரமில்லை, பெட்டி மோகம் என்று பல்லைக் கடித்தான் லியூபென்.

கமென் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினான். "ஆஹா! இடப்பக்கத்து வயலின் என்னமா தெளிஞ்சிருக்கு! நீயே கேளு."

லியூபென் வாங்கி மாட்டினான். இடப்பக்கம் சுத்தமாகச் சத்தமே இல்லை. தடவிப் பார்த்தான். இடது காதுக்குப் போகும் ஒயர் கழன்று தொங்கியது. துடைத்தபோதே கழன்றிருக்க வேண்டும்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாட்டினாண்டா! இதை எங்கள் இசை ரசிகர் சங்கத்தில் போய்ச் சொன்னால் போதும், இவன் ஆயுசுக்கும் பெட்டி என்று வாயைத் திறக்க மாட்டான்.

"டேய் கமென்!"

அவனுடைய இடப்பக்கத்திலிருந்துதான் கூப்பிட்டான். கமென் திரும்பவில்லை.

"கமென்!"

ம்ஹூம். ருமியானா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம்.

லியூபெனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாதமாக மங்கிக்கொண்டு வந்தது இவன் காது!

கழன்ற ஒயரைச் சத்தமில்லாமல் செருகினான். எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

"என்னடா, கேட்டுதா? இப்பவாவது ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேண்டா. பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றான் லியூபென். "எனக்குத்தான் இடது காதுல ஒண்ணுமே விழலை. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டணும். தனியா போக பயமா இருக்குடா. துணைக்கு வாயேன், வந்த கையோட நீயும் காட்டிக்கோ."