தேய்ந்த இடம்

உடம்பில் பாதி உள்ளே வெற்றுக் கூடாக இருந்த அந்தப் பழைய எலெக்ட்ரிக் கிதாருக்கு, பெட்டி திறந்ததுமே கூட்டுக்குள் படபடத்தது. இன்றைக்காவது வாசிப்பாரா?

சொந்தக்காரர் ஜெயசீலன் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் துணியால் பதமாகத் துடைத்தார். கழுத்தில் வார்னிஷ் போயிருந்த இடத்தை பார்க்க வந்திருந்த நண்பரிடம் காட்டினார்.

"முப்பது வருஷம் ஒருத்தர் வாசிச்சே தேஞ்சது சார். இதுக்காகத்தான் வாங்கினேன்."

"நீங்க வாசிப்பீங்களா?"

"ஐயய்யோ, தேஞ்சிடுமே!"

துணியையும் உள்ளே போட்டுப் பெட்டியை மூடினார்.

கிதாருக்குத் தலை சுற்றியது. "தம்பி துணி, தேயறது நல்லதா, கெட்டதா?"

"என்னைக் கேட்டா எப்படிண்ணே? நாளைக்கு எனக்குப் பதிலா வேற துணி வருதாம். நான் தேஞ்சுட்டேனாம்."