பெயர் மறைத்த படம்

நுரையீரல் துறைப் பேராசிரியை, விளக்குப் பெட்டியில் ஸ்கேன் படத்தை மாட்டினார். வழக்கம்போல நோயாளியின் பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "பேர் தெரிஞ்சா கண்ணு தாட்சண்யம் பார்க்கும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்பவர் அவர்.

"மேல இருக்கே, இந்தப் புள்ளி. என்னது?"

"சந்தேகமா இருக்கு மேடம். சதை எடுத்துப் பரிசோதிக்கணும்" என்றாள் முன்வரிசை மாணவி.

"எப்பவோ வந்த சளியோட தழும்பா இருக்கும்" என்றார் பேராசிரியை.

"ஓரமெல்லாம் முள்ளு முள்ளா இருக்கே மேடம்! தழும்பு இப்படியா இருக்கும்?"

"ஈரைப் பேனாக்காதே. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்தாப் போதும்."

"மேடம் தூண்டில் போடறாங்க, மாட்டிக்காதே!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

மாணவி சிரிக்கவில்லை. "ஆறு மாசம் விட்டா கை மீறிடும் மேடம். இப்பவே பிடிச்சா அறுத்து எடுத்துடலாம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"தழும்புன்னு நினைக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒரு கைகூட உயரவில்லை. பேராசிரியை படத்தைக் கழற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனார். அங்கே அவருடைய கணவர் காத்திருந்தார்.

"வகுப்பு முடிஞ்சுதா? வெறும் தழும்புன்னு காலையிலேயே சொல்லிட்டே. அப்புறம் எதுக்கு என்னை உட்கார வச்சிட்டுப் போனே?"

பேராசிரியை பிளாஸ்திரியை மெல்ல உரித்தார்.

"தழும்பு இல்லைங்க. நாளைக்கே இங்க சேர்ந்துடுங்க."

"நீ பார்த்துமா தப்பாப் போச்சு?"

"பேரைத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே பார்த்தேன்."