எழுத்தின் அளவு

அலுவலகத்தில் பிரவுசரைச் சோதிக்கும் நிரல்களில், அங்கேயே வேலை பார்த்த அவள் கணவன் எழுதியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது எழுத்தின் அளவைச் சற்று நேரம் மாற்றிப் பார்க்கும். முடிந்ததும் முன்பிருந்த பதினாறிலேயே கொண்டுபோய் வைத்துவிடும்.

அவன் இறந்துபோன பிறகு, சோதனை முடிந்ததும் அளவு இருபத்திரண்டில் நின்றது. கண்ணாடி போட மறக்கும் அவளுக்காக வீட்டுக் கணினியில் அவன் வைத்துத் தந்த அளவு அது. நிரலில் அந்த எண்ணே இல்லை. பதினாறை எதிர்பார்க்கும் அடுத்த சோதனைகள் வரிசையாகத் தடுக்கி விழுந்தன.

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்காட்டி சாருக்குச் சாப்பாடே இறங்காதேக்கா. அவர் எழுதினதா இப்படிப் பண்ணுது?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் இருபத்திரண்டு.

"தூக்கிடறதைத் தவிர வழியில்லை. உங்களுக்கு மனசு வரலைன்னா நான் பண்றேன்."

"வேண்டாம்பா. நானே பண்றேன்."

அழித்தாள். மற்ற சோதனைகளெல்லாம் தேறின. அதன்பிறகு அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

கிளம்பும்போது பக்கத்து இருக்கைக்காரன், "கொஞ்சம் சிரிங்கக்கா. என் பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணி அனுப்பியிருக்கா, பாருங்க" என்று தன் கைபேசியை நீட்டினான். கண்ணாடி அவள் பைக்குள் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"அட, யாரு இவ்வளவு பெருசா வச்சது? குடுங்க, மாத்திடறேன்."

"இருக்கட்டும்பா," என்றாள் அவள். "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும்."